பில்லி ஊர் மாறிய கதை

ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பே அவர் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். மத்திய அரசில் 31 வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். தில்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னை நங்கநல்லூரில் வாங்கிப் போட்டிருந்த ஃபிளாட்டுக்குப் போவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று முழுநீளத் தாளில் எண் போட்டு எழுதினார். எரிவாயு இணைப்பை மாற்றுவது, பென்ஷன் தாள்கள், வங்கிக் கணக்கு, கூலரையும் ரஜாய்களையும் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று பட்டியல் 27 வரை போயிற்று. மனைவி அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல பில்லி எங்கே?"

பட்டியலில் பில்லி இல்லை.

இந்தியில் பில்லி என்றால் பூனை. பாத்திரம் தேய்க்க வந்த பெண் அப்படிக் கூப்பிட, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், பால்கனியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த கூலருக்குள் கிடந்த குட்டி அது. சாம்பல் நிறம், கறுப்புக் கோடுகள், வெள்ளைத் தாடை. தாய் திரும்பி வரவில்லை. தில்லிக் குளிரில் இரண்டு இரவுகள் அது கத்திய கத்தலைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் வீட்டு அம்மாள் உள்ளே எடுத்து வந்தார்.

பில்லிக்குப் பயம் என்பது இயல்பு. குரங்குகள் மொட்டைமாடியில் குதிக்கும் சத்தம், தீபாவளிப் பட்டாசு, குக்கர் விசில், அழைப்பு மணி, தெரியாதவர்களின் செருப்பு ஓசை, எது கேட்டாலும் அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். விருந்தாளிகள் கிளம்பி அரை மணி கழித்துத்தான் மீசை வெளியே தெரியும். அந்த வீட்டுக்குப் பல வருடங்களாக வந்து போனவர்களில் சிலர், அங்கே ஒரு பூனை இருப்பதை நம்பவே இல்லை. இப்படிப்பட்ட ஜீவனை 2,180 கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊருக்குக் கொண்டுபோவது எப்படி?

கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் எல்லோரும் சொன்ன யோசனை. "நாய் ஆளோட பழகும், பூனை வீட்டோட பழகும். வீடு இங்கேதானே இருக்கப் போகுது?" என்றார் சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசிய அண்ணன். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி, தினம் ஒரு கிண்ணம் பால் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். அவருடைய கணவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த அம்மாளுக்கு மட்டும் வேறொரு காட்சி ஞாபகத்தில் இருந்தது. தில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. 2018இல் அங்கிருந்த மரங்களை வெட்டுவது பெரிய பிரச்சினையாகி, தில்லி உயர் நீதிமன்றம் வரை போய்த் தடையும் வந்தது. மரங்களுக்காகப் பேச அன்று பலர் இருந்தார்கள். காலியான வீடுகளின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பூனைகளைப் பற்றி யாரும் பேசியதாக அவருக்கு நினைவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் அவற்றை அவர் பார்த்திருக்கிறார். கதவில் பூட்டு, பூட்டின் மேல் அரசாங்க முத்திரை, வாசற்படியில், யாரோ திறக்கப் போகிறார்கள் என்பதுபோல ஒரு பூனை. வீட்டோடு பழகிய பூனைக்கு வீடு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அவர் அங்கே பார்த்துவிட்டார்.

பட்டியலில் 28ஆவது எண் சேர்க்கப்பட்டது.

பூனை வீட்டோடுதான் பழகும் என்ற பழைய சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒரு காட்டுப் பூனை. கூட்டமாக வாழும் ஓநாயிலிருந்து நாய் வந்தது. பூனையின் முன்னோரோ தனியே வேட்டையாடி, தன் எல்லைக்குள் தனியே வாழ்ந்த பிராணி. தானியக் குதிர்களும் எலிகளும் அதை மனிதனிடம் கொண்டுவந்து சேர்த்தன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதனுக்குப் பக்கத்திலேயே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆக, பூனையோடு ஊர் மாறும் தலைவலி மனிதனுக்குப் புதிதல்ல.

நாய்க்குக் கூட்டம் எப்படியோ பூனைக்கு எல்லை அப்படி. நாற்காலிக் காலிலும் கதவு விளிம்பிலும் பூனை கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்துக் கொஞ்சுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது கையெழுத்துப் போடுகிறது. கன்னத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து வரும், நமக்குத் தெரியாத ஒரு வாசனையை அங்கே பூசி வைக்கிறது. 'இது என் இடம், இங்கே ஆபத்தில்லை' என்பது அதன் பொருள். பழகிய வீடு என்பது பூனைக்கு இத்தகைய ஆயிரம் கையெழுத்துகள் கொண்ட வரைபடம். புது வீட்டில் ஒரு கையெழுத்துகூட இருக்காது. அந்நிய வாடை மட்டும் இருக்கும். மனிதர்கள் கூடவே வந்திருக்கிறார்கள் என்பது அதற்கு ஆறுதல்தான். ஆனால் வரைபடத்துக்கு அது ஈடாகாது.

வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வது போல் பக்தன் இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது முதலாவது. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே வாயால் கவ்விக்கொண்டு போகும், அதுபோல் இறைவனே பார்த்துக்கொள்வான் என்பது இரண்டாவது. தாய்ப் பூனை குட்டியின் பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு அடங்கிவிடுவது உண்மை. ஆனால் அது குட்டிக்கு மட்டும் பொருந்தும் சரணாகதி. ஆறு வயதுப் பில்லியைப் பெட்டிக்குள் வைக்க முயன்ற அன்று அது நான்கு கால்களையும் நான்கு திசைகளில் விரித்து, இரண்டு நியாயங்களையும் ஒரே நேரத்தில் நிராகரித்தது. அவருடைய முழங்கையில் மூன்று கோடுகள் விழுந்தன.

காயத்தோடு போனது கால்நடை மருத்துவரிடம். அவர் முதலில் கேட்டது, "பெட்டியை எப்போது வெளியே எடுத்தீர்கள்?" என்று. அன்றுதான். தவறு அங்கேதான் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து இறங்கி ஊசியிடம் கொண்டுபோய் விடும் பெட்டியை எந்தப் பூனையும் நம்பாது. பெட்டியை இன்றே கூடத்தில் வையுங்கள், கதவைக் கழற்றிவிடுங்கள், நீங்கள் போர்த்திக்கொண்ட துணி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள், சாப்பாட்டுத் தட்டை தினம் ஒரு சாண் அதன் பக்கம் நகர்த்துங்கள் என்றார். மேல்புறமும் திறக்கும் பெட்டியாக இருந்தால் பூனையை வாசல் வழியாகத் திணிக்க வேண்டியிருக்காது.

துணி என்றதும் அந்த அம்மாள் தேர்ந்தெடுத்தது பழைய ரஜாயை. அவரும் பில்லியும் ஆறு குளிர்காலங்கள் சேர்ந்து போர்த்தியது. பட்டியலின் 4ஆம் எண்ணில் தானம் கொடுக்க வைத்திருந்த ரஜாய்களில் ஒன்று இப்படித் தப்பியது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பெட்டிக்குள் விரித்தார்.

முதல் வாரம் பில்லி பெட்டியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாம் வாரம் தலையை மட்டும் உள்ளே விட்டுச் சாப்பிட்டது. பதினாறாம் நாள் பிற்பகல் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கதவைப் பொருத்தி, ஒரு நிமிடம் மூடி, திறந்து, மீன் துண்டு. பிறகு ஐந்து நிமிடம். பிறகு பெட்டியோடு ஆட்டோவில் ஒரு சுற்று. 31 வருட அனுபவத்தில் இவ்வளவு மெதுவாக நகர்ந்த கோப்பைத் தான் பார்த்ததில்லை என்றார் அவர்.

மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடலாமே என்ற கேள்வியும் வந்தது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பக்கத்துக் கடையில் எதையாவது வாங்கிக் கொடுப்பது ஆபத்து. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். முன்பு அதிகம் பயன்படுத்தப்பட்ட சில மயக்க மருந்துகள் உடலை அடக்குமே தவிர பயத்தை அடக்காது. வெளியே அமைதியாகத் தெரியும் பூனை உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். இப்போது மருத்துவர்கள் பலரும் நம்புவது காபாபென்டின் என்ற மருந்தை. பயணத்துக்கு ஒன்றரை மணி முன்னால் கொடுத்தபோது பூனைகளின் பதற்றம் குறைந்ததாக 20 பூனைகளை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017இல் சொன்னது. எவ்வளவு, எத்தனை முறை என்பதை எடையும் சிறுநீரகமும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பில்லி அன்று மாலை சற்றுத் தள்ளாடியது, நிறையச் சாப்பிட்டது, அழைப்பு மணி அடித்தபோது பீரோவுக்குப் பின்னால் ஓடாமல் காதை மட்டும் திருப்பியது. வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

அடுத்தது, விமானமா ரயிலா என்ற விவாதம். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. சில நிறுவனங்கள் சிறிய பூனையைப் பயணிகள் அறையிலேயே அனுமதிக்கின்றன. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இந்த வசதியைத் தொடங்கியது. இல்லையென்றால் சரக்கு அறை. தட்டை மூக்குள்ள பாரசீகப் பூனை போன்றவற்றுக்கு அங்கே மூச்சுத் திணறல் வரலாம் என்பதால் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். பயணிகள் அறையில் இடம் கிடைத்தாலும் பாதுகாப்புச் சோதனையின்போது பூனையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லலாம். ஆயிரம் பேர் நடுவே, உருளும் பெட்டிகளின் இரைச்சலில், பில்லியைக் கையில் ஏந்தி நிற்பதை நினைத்ததுமே அந்த அம்மாள் ரயில் என்று சொல்லிவிட்டார்.

ரயில்வே விதிகள் நாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நடைமுறையில் பூனைக்கும் அதே வழிதான். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயையோ நான்கு பேர் அறையையோ முழுவதுமாக எடுத்துக்கொண்டால் பிராணியைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்ற ஏசி வகுப்புகளில் நாய்க்கு இடமில்லை. கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்புவது இன்னொரு வழி. பயந்த பூனைக்கு அது தண்டனை. சிக்கல் என்னவென்றால், டிக்கெட் எடுக்கும்போது கூபே உறுதியாகாது. முன்னதாகவே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, சார்ட் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு முன்கூட்டியே போய், பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு, பணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். விண்ணப்பம் எழுதுவது மட்டும் அவருக்குக் கைவந்த கலை. பொருள், பார்வை, இணைப்பு என்று அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்தால் ஓர் இணைச் செயலாளர் பயணம் செய்கிறார் என்றே தோன்றும். கூபே கிடைத்தது.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் 1978இல் கொண்டுவரப்பட்ட போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே உண்டு. மருத்துவர் தரும் உடல்நலச் சான்று வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியைக் கொண்டுபோகக் கூடாது. கோடையில் நான்கு மணிக்கொருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணிக்கொருமுறை தண்ணீர் தர வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பன்னிரண்டு மணிக்கொருமுறை உணவு. அவர் இதைப் பிரதி எடுத்து, சான்றிதழோடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டோடும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டார். தோளின் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவு மைக்ரோசிப்பும் பில்லிக்குப் போட்டாயிற்று. அதில் 15 இலக்க எண். அரசு ஊழியர் வீட்டுப் பூனைக்கு எண் இல்லாமல் முடியுமா?

கோடைக்கு முன், மூடுபனிக்குப் பின் என்று கணக்குப் பார்த்துப் பிப்ரவரி கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாமான் ஏற்ற லாரி வந்த அன்று பில்லியைக் குளியலறையில் பெட்டி, மண் தட்டு, ரஜாய்த் துண்டு சகிதம் வைத்துக் கதவில் 'திறக்காதே' என்று இந்தியில் எழுதி ஒட்டினார்கள். வீடு காலி செய்யும் நாளில்தான் பூனைகள் அதிகம் காணாமல் போகின்றன. கதவுகள் திறந்தே கிடக்கும், பழக்கமில்லாத ஆட்கள், நாற்காலி இழுபடும் சத்தம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு புது தில்லியிலிருந்து கிளம்பி மூன்றாம் நாள் காலை சென்னை வருகிறது. சுமார் 33 மணி நேரம். ஏறுவதற்கு முன் சில மணி நேரம் பில்லிக்குச் சாப்பாடு இல்லை, வாந்தியைத் தவிர்க்க. ஆக்ராவரை அது ஒரே சுருதியில் கத்தியது. பெட்டியின் மேல் துணியைப் போர்த்தி மூன்று பக்கங்களை மறைத்ததும் குறைந்தது. பூனைக்குப் பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் இருப்பதே பாதி நிம்மதி. போபாலில் விடிந்தபோது கூபேயின் கதவைத் தாழிட்டு, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய வாரோடு பெட்டியைத் திறந்தார்கள். பில்லி வெளியே வரவில்லை. நாக்பூரில் வெளியே ஆரஞ்சுப் பழம் விற்கும் குரல்கள் கேட்டபோது வெளியே வந்து, கீழே வைத்த மண் தட்டை முகர்ந்து, வேலையை முடித்து, மண்ணை மூடிவிட்டு, இருக்கைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "ரயில்வேக்கு இவ்வளவு சுத்தமான பயணி கிடைச்சிருக்க மாட்டாங்க" என்றார் அவர். விஜயவாடாவில் தண்ணீர் குடித்தது. சாப்பாட்டைத் தொடவில்லை.

சென்ட்ரலில் இறங்கியபோது காலை ஆறே கால். பிளாட்பாரக் கூட்டத்தில் பெட்டியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் நடந்தார். 22 வயதில் இதே நிலையத்திலிருந்து தில்லிக்கு ரயில் ஏறியவர். வரவேற்க வந்த அண்ணன், "என்னம்மா, ஒருவழியா சொந்த ஊருக்கு வந்தாச்சு. சந்தோஷம்தானே?" என்று கேட்டார். அவர் தலையை அசைத்தார்.

நங்கநல்லூர் ஃபிளாட்டில் ஒரே ஓர் அறைதான் பில்லிக்கு என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. வரைபடம் இல்லாத பிராணிக்கு முழு வீட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் அது மிரளும். அறையின் ஒரு மூலையில் மண் தட்டு. பழைய மண்ணில் ஒரு பிடி கலந்து. எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணீர். நடுவில் பெட்டியும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும். இந்த அட்டைப் பெட்டி சாதாரண விஷயமல்ல. ஹாலந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் ஒளிய பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ரஜாயின் பெரும்பகுதி கட்டிலில். துவைக்கக் கூடாது என்று உத்தரவு.

முதல் நாள் பில்லி சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இதுதான் உண்மையான அபாயம். பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பருத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஆண் பூனையாக இருந்தால் பதற்றத்தில் சிறுநீர் அடைபட்டும் போகலாம். மறுநாள் காலை மருத்துவர் என்று முடிவு செய்திருந்த இரவில், நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்த வாசனைக்கு அது அட்டைப் பெட்டியிலிருந்து இறங்கி வந்தது. தில்லியில் கிடைக்காத சுகம். சென்னையைப் பற்றிப் பில்லியின் முதல் நல்ல அபிப்பிராயம் அதுதான்.

பன்னிரண்டாம் நாள் அது காணாமல் போயிற்று. மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து பூனை விழாமலிருக்க வலை அடிக்க ஆள் வந்தார். அவர் கருவிகளை எடுத்து வரப் போனபோது வாசல் கதவு திறந்திருந்தது. பூனையின் பாதுகாப்புக்காக வந்தவர் திறந்து வைத்த கதவு வழியாகப் பூனை போய்விட்டது.

அவர் உடனே செயலில் இறங்கினார். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டாலும் பூனை பழைய வீட்டுக்கே திரும்பும் என்று சின்ன வயதில் கேட்டவர். கதை முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2012 நவம்பரில் தொலைந்த ஹோலி என்ற பூனை, இரண்டு மாதத்தில் சுமார் 320 கிலோமீட்டர் கடந்து தன் ஊருக்கு வந்து சேர்ந்தது. மைக்ரோசிப்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. பில்லி தில்லிக்குக் கிளம்பிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஸ்கூட்டரில் வடக்குப் பக்கத் தெருக்களில் தேடினார். பழவந்தாங்கல் ரயில் நிலையம்வரை போனார்.

பூனாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் கத்தினாள். "அப்பா, தூரமா போகாதீங்க. மாடிப்படி, கார் அடி, மோட்டார் ரூம் பாருங்க." 2018இல் வெளியான ஓர் ஆய்வு, தொலைந்துபோன 1,210 பூனைகளை ஆராய்ந்தது. கிடைத்தவற்றில் பாதி, தொலைந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருந்தன. முக்கால் பங்கு 500 மீட்டருக்குள். பயந்த பூனை ஓடாது. கிடைத்த முதல் இடுக்கில் புகுந்து, சத்தமில்லாமல், நாள் கணக்கில் கிடக்கும். உரிமையாளர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அசையாமல் இருப்பது.

மாலை முழுவதும் அந்த அம்மாள் படிக்கட்டிலும் காம்பவுண்டிலும் "பில்லி, பில்லி" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். தரைத் தளத்தில் ஜன்னல்கள் திறந்தன. காவலாளி தயங்கித் தயங்கி வந்து, "அம்மா, இந்த நேரத்துல பில்லி சூனியம்னு எல்லாம் பேசாதீங்க. ஜனங்க பயப்படுறாங்க" என்றார். விஷயம் புரிந்ததும் தன் டார்ச்சை எடுத்து வந்தார்.

இரவு இரண்டு மணிக்குத் தெரு அடங்கியது. தரைத் தளத்தில் சம்ப் மோட்டாரை மூடியிருந்த தகரப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளிகள் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தன. கைக்கு எட்டாது. இழுத்தால் இன்னும் உள்ளே போகும். அந்த அம்மாள் காவலாளியைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, ரஜாயைக் கொண்டுவந்து தரையில் விரித்து, அதன் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார், இந்தியில். ஆ ஜா, பில்லோ, ஆ ஜா. குரங்கு இல்லை இங்கே. குளிர் இல்லை. எதிர்வீட்டுக்காரிக்கு நாளைக்கு போன் செய்யலாம். மதர் டெய்ரி பூத்தில் இப்போது யார் வரிசையில் நிற்கிறார்களோ. வேப்பமரம் இந்நேரம் இலை உதிர்த்திருக்கும். கூலரை வாங்கிக்கொண்டு போனவன் புல்லை மாற்றினானோ என்னவோ.

படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சென்னைக்கு வந்த பன்னிரண்டு நாளில் மனைவி இவ்வளவு பேசி அவர் கேட்கவில்லை. சாமான்களைப் பிரித்தார், சமைத்தார், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார், சந்தோஷமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையசைத்தார். 28 எண்கள் கொண்ட பட்டியலில் அவருக்கென்று ஒரு வரி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை.

மூன்றரை மணிக்கு பில்லி வந்தது. நான்கு அடி வந்து நின்றது. ரஜாயின் ஓரத்தை முகர்ந்தது. பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. ஒரு மாதம் ஓர் அறை. பிறகு கூடம். பால்கனி வலை முழுவதுமாக அடித்த பிறகே பால்கனி. ஏப்ரல் மாதம் ஒருநாள் காலை பில்லி கூடத்துக்கு வந்து, தில்லியிலிருந்து லாரியில் வந்த பீரோவின் மூலையில் கன்னத்தை அழுத்தித் தேய்த்தது. அடுத்து நங்கநல்லூர்ச் சுவரின் மூலையில். முதல் கையெழுத்து. இப்போது அழைப்பு மணி அடித்தால் ஓடுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. காவலாளிகூட அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

தினம் மாலை நாலு மணிக்கு அந்த அம்மாள் தில்லிக்குத் தொலைபேசியில் பேசுகிறார். எதிர்வீட்டுப் பெண்மணியும் அவர் கணவரும் அடுத்த குளிர்காலத்தில் சென்னை வந்து ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. ரயில் டிக்கெட்டுக்கு இவர்தான் விண்ணப்பம் எழுதித் தருகிறார்.

சென்னைச் சித்திரை வெயிலில் கட்டிலின் மேல் ஒரு தடித்த ரஜாய் விரித்துக் கிடப்பதைப் பார்க்கிறவர்கள், இது எதற்கு இங்கே என்று கேட்கிறார்கள். பூனைக்கு என்று அவர் பதில் சொல்கிறார்.